கருத்தறிதல் உத்திகளை, அதாவது படிப்பதைப் புரிந்துகொள்ள உதவும் வழிகளை, வகுப்பில் கற்பிப்பது பலன் தருகிறதா என்று எப்படி மதிப்பிடுவது?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவரின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், கற்பித்தல் நடந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். பத்தியைக் கொடுத்து, விடை எழுதச் சொல்லி, சரியான விடைகளைப் பலகையில் எழுதிப்போடுவது கருத்தறிதலைச் சோதிப்பதே தவிர, கற்பிப்பதாகாது. அமெரிக்க ஆய்வாளர் டொலோரஸ் டர்கின் நான்காம் வகுப்புகளில் அமர்ந்து கவனித்து 1970களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில் கருத்தறிதலைக் கற்பிக்கச் செலவானவை 20 நிமிடங்களே. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயை மனத்தில் வைத்துப் பயிற்சித்தாள்களாகக் கொடுக்கும் நாமும் நம் பாடமொன்றை ஒலிப்பதிவு செய்து, "இந்த வரி முன்வரியோடு ஒத்துப்போகவில்லையே, திரும்பிப் படிக்கிறேன்" என்று நம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டிய இடம் எத்தனை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அளவுகோல். மாணவர்களே முறை வைத்து ஆசிரியராகி ஊகித்தல், வினா எழுப்புதல், தெளிவுபடுத்துதல், சுருக்கிக் கூறுதல் ஆகியவற்றைச் செய்யும் முறை பற்றிய ஆய்வுகளை ஆய்வாளர்கள் ரோசன்ஷைனும் மெய்ஸ்டரும் 1994இல் தொகுத்தபோது, ஆய்வாளர்களே தயாரித்த சோதனைகளில் விளைவின் அளவு (அம்முறையில் கற்றவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைக் காட்டும் எண்) 0.88 ஆகவும், எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படுத்தப்பட்ட சோதனைகளில் 0.32 ஆகவும் இருந்தது. ஆகவே நாமே தயாரித்த தாளில் தெரியும் முன்னேற்றத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

நம் மாணவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுவதால், தடை சொல்லில் இருக்கிறதா, உத்தியில் இருக்கிறதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு நான் மிக எளிய சொற்களால் ஒரு பத்தி எழுதுவேன். மீனா குடையில்லாமல் கொட்டும் மழையில் நடந்து வருகிறாள். மூன்று வரி தள்ளி, அவள் சட்டை சிறிதும் நனையவில்லை என்றிருக்கும். வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை அப்படியே எடுத்தெழுதப் பழகிய மாணவர், எழுத்துப்பிழையின்றி விடை எழுதுவார். முரண்பாட்டைக் கவனிக்கவே மாட்டார். உத்தி கைவந்த மாணவரோ அந்த வரியில் தயங்கி, மேலே போய்த் திரும்பப் படிப்பார். அந்தத் தயக்கத்தைத்தான் நான் குறித்துக்கொள்கிறேன். ஜூன் விடுமுறை முடிந்ததும், உத்தியின் பெயரைக்கூடச் சொல்லாமல், இதே போன்ற வேறொரு பத்தியைக் கொடுத்து மீண்டும் பார்ப்பேன். தூண்டுதல் இல்லாமலேயே அவர்கள் அவ்வாறு நின்று படித்தால்தான், என் கற்பித்தல் பலன் தந்தது என்று எழுதி வைப்பேன்.