ஃபெசிலிட்டி: 2:05-க்குள் முடிக்க முடியவில்லை என்றவருக்கு

'கோல்டன்ஐ 007' வீடியோ கேமில் ஃபெசிலிட்டி என்ற கட்டத்தை 2 நிமிடம் 5 நொடிக்குள் முடிக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் சந்திக்க வேண்டிய டாக்டர் டோக் தூரத்தில் நின்றால் அந்த ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். டபுள் ஓ ஏஜென்ட் என்ற கடின நிலையில் 2:20-க்குக் கீழே இறங்கவே இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் கை காரணமில்லை. டோக் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பார். கதவைத் திறக்கும் கருவி அவரிடம்தான் இருக்கிறது. தேடி அலைந்தாலே பத்து இருபது நொடி போய்விடும்.

அவர் அருகில் இருந்தும் நேரம் போதவில்லை என்றால் உங்கள் ஓட்டத்தைக் கவனியுங்கள். நேராக ஓடாதீர்கள். ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடி பக்கவாட்டு சி பட்டனையும் அழுத்திக் குறுக்காக ஓடினால் வேகம் கூடும். அப்புறம், பழைய நின்டெண்டோ 64 கேம் கருவியில் தரையைப் பார்த்து ஓடினால் திரை திணறாது. கழிவறைக் கூரையின் காற்றுக் குழாயிலிருந்து குதித்த கையோடு பார்வையைக் கீழே இறக்கிவிடுவது என் வழக்கம்.

விஞ்ஞானிகள் மீது குண்டு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட் (ஆட்டத்தை எளிதாக்கும் குறுக்குவழி) எதையும் போட்டு ஆடினால் அந்த நேரம் கணக்கில் வராது.

1997-இல் வந்த ஆட்டம் இது. டோக் என்ற பெயரே இதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் டோக்குடையது. ஆட்டத்தில் டாக்டர் டோக் பக்கத்து அறையிலேயே நிற்கும் அந்த ஒரு முறைக்காக நான் எத்தனையோ இரவுகள் காத்திருக்கிறேன். உங்களுக்கும் நிற்பார், விடாதீர்கள்.