படிகத்துக்குள் ஸ்பின் அம்புகள்: கேட்டதும் சொன்னதும்

சார், மாங்கனீசு ஆக்சைடில் அணுக்கள் சமையல் உப்பில் இருப்பது போலத்தானே அடுக்கியிருக்கின்றன? காந்த அலகுக்கூட்டை (அணுக்களின் காந்தத் திசையும் சேர்த்து அப்படியே திரும்பத் திரும்ப வரும் பெட்டியை) மட்டும் ஏன் இரண்டு மடங்காக வரைகிறார்கள்?

அணுவை மட்டும் பார்த்தால் 4.4 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று) தள்ளிப் போனதும் கிளம்பின இடத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் அங்கே இருக்கும் மாங்கனீசின் ஸ்பின், அதாவது அந்த அணுவின் குட்டிக் காந்தம், தலைகீழாக நிற்கிறது, இன்னொரு 4.4 போனால்தான் எல்லாம் ஒத்துவரும். மூன்று திசையிலும் இதே கதை, அதனால் 8.8. காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன். மாங்கனீசு-ஆக்சிஜன்-மாங்கனீசு நேர்கோட்டில் வரும்போது இரு ஓரத்து ஸ்பின்களும் எதிரெதிராக நிற்பதுதான் ஆற்றலில் லாபம். வரையும்போது 111 தளங்கள் (கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர் மூலைக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தான அடுக்குகள்) பக்கவாட்டில் தெரிகிற மாதிரி படிகத்தைத் திருப்புங்கள். ஒரு தளம் முழுக்க ஒரே திசை, அடுத்த தளம் முழுக்க எதிர்த் திசை என்று கோடு கோடாகத் தெரியும். கனசதுரத்தை நேராக வைத்துப் பார்த்தால் அம்புக் குப்பைதான்.

எக்ஸ் கதிரில் இது தெரியாதா?

சாதாரண எக்ஸ் கதிர் கிட்டத்தட்ட எலெக்ட்ரான் மின்னூட்டத்தை மட்டும்தான் பார்க்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் காந்தத் திருப்புத்திறன் உண்டு. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஷல், ஸ்மார்ட் என்ற இயற்பியலாளர்கள் இதே பொருளை 80 கெல்வினுக்குக் குளிர்வித்து நியூட்ரான்களைப் பாய்ச்சியபோது, சிதறல் வரைபடத்தில் அறை வெப்பத்தில் இல்லாத புது உச்சங்கள் முளைத்தன. 4.4 ஆங்ஸ்ட்ராம் கூட்டை வைத்து உச்சங்களுக்குத் தள எண் கொடுத்தால் முதல் உச்சத்துக்கு முழு எண்கள் வராமல் ½ ½ ½ வருகிறது. அந்த அரைதான் இரட்டிப்புக்கு அடையாளம். ஷல்லுக்கு நோபல் 1994இல்தான் கிடைத்தது, அதுவும் பாதிப் பங்கு!

ஒரு படத்தில் அம்புகள் கனசதுர விளிம்பு வழியாக, இன்னொன்றில் 111 தளத்துக்குள். எதை நம்புவது?

இரண்டாவதை. முதலில் விளிம்புத் திசை என்றுதான் சொன்னார்கள், 1958இல் ரோத் என்ற ஆய்வாளர் அதைத் திருத்தினார். ஆனால் தளத்துக்குள் எந்தப் பக்கம் என்று தூள் மாதிரியில் எடுத்த தரவு சொல்லாது, சமமான திசைகளெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே படத்தில் அம்பு திட்டமாக ஒரு பக்கம் நின்றால், அளந்தார்களா, வரைந்தவர் வசதிக்கு வைத்தாரா என்று கட்டுரையைப் படித்துப் பாருங்கள். பல நேரம் வசதிதான்.

கண்ணாடித் தளச் சமச்சீரைப் போட்டால் அம்பு தப்பாகத் திரும்புகிறதே?

தப்பில்லை. ஸ்பின் சாதாரண அம்பு அல்ல, மின்சுற்று வளையம் போல நடந்துகொள்ளும். கண்ணாடிக்குச் செங்குத்தான கூறு அப்படியே இருக்கும், இணையான கூறு தலைகீழாகும். போதாததற்கு, காலத்தைப் புரட்டும் செயலும் (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது போல, வளையத்தில் மின்னோட்டம் எதிராக ஓடும்) சேர்ந்திருந்தால் விடை முழுசாக எதிராகும். காந்த அமைப்பு எழுதியிருக்கும் கோப்பில் அந்தச் செயலுக்கான குறி −1 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பிஸ்மத் ஃபெரைட்டை எப்படி வரைவது?

இந்த பிஸ்மத்-இரும்பு ஆக்சைடில் ஸ்பின்கள் அணுவுக்கு அணு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிச் சுருளாகப் போகும். அந்தச் சுருள் ஒரு சுற்று முடிய சுமார் 62 நானோமீட்டர், நூறு கூட்டுக்கு மேல். முழுசாக வரையாதீர்கள். இரும்பு அணுக்களில் ஒரே ஒரு வரிசையை எடுத்து, சில அணுக்களைத் தாண்டித் தாண்டி அம்பு போட்டாலே போதும்.

தயார் கோப்பு எங்கே கிடைக்கும்?

பில்பாவோ படிகவியல் இணையதளத்தில் மேக்ன்டேட்டா என்ற காந்த அமைப்புகளின் தொகுப்பு இருக்கிறது, இலவசம். எம்சிஃப் (அணு இடங்களும் ஸ்பின் திசைகளும் எழுதிய) கோப்பை இறக்கி ஜேமோல் என்ற படம் காட்டும் மென்பொருளில் திறந்தால் அம்புகளோடு வரும். அப்புறம், சொந்த மாதிரியை அளக்க வேண்டுமென்றால் மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான் கருவிகள் இருக்கின்றன, உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.