கூகுளில் வராத தாத்தாவின் பட்டா

கேள்வி: மதுரை ஒத்தக்கடையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பெயரில் நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் நிலம் இருக்கிறது. 1968-ஆம் வருடத்துப் பத்திரம் கையில் உண்டு. அதில் 'மதுரை ஜில்லா நிலக்கோட்டை தாலுகா' என்று எழுதியிருக்கிறது. தாத்தா தவறிவிட்டார். பட்டாவை அப்பா, அத்தை பெயருக்கு மாற்ற வேண்டும். கூகுளில் தேடி, முதலில் வந்த தளத்தில் 499 ரூபாய் கட்டினேன். 'பதிவு இல்லை' என்று வந்தது. அரசுத் தளத்தில் மதுரை மாவட்டத்தின் கீழ் நிலக்கோட்டையே காணோம். யூடியூப் ஒன்று சொல்கிறது, ஏஐ வேறொன்று சொல்கிறது. 'கூகுள்லயே இல்லைன்னா நம்ம பேர்ல நிலம் இல்லை போல' என்று அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதல் வேலையாக அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கூகுளில் வரவில்லை என்பதற்காக எந்த நிலமும் கையை விட்டுப் போய்விடாது. அரசுத் தளத்தில் நிலக்கோட்டை கிடைக்காததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. 1968-இல் நிலக்கோட்டை தாலுகா மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது நிலக்கோட்டையும் அதோடு போய்விட்டது. நீங்கள் பத்திரத்தில் உள்ளபடி மாவட்டப் பட்டியலில் மதுரையைத் தொட்டிருக்கிறீர்கள். அடுத்த பட்டியலில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்றெல்லாம் வரும், நிலக்கோட்டை வராது. திண்டுக்கல்லைத் தொடுங்கள், வரும். பெரியகுளம், உத்தமபாளையம் பக்கம் நிலம் வைத்திருக்கும் மதுரைக்காரர்களுக்கும் இதே கதைதான். தேனி பிரிந்தது 1996-இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் அந்த ஊர்களும் மதுரை மாவட்டம் என்றே இருக்கும்.

உங்களுக்கு மட்டும் என்றால் இதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் உங்கள் அப்பா சொன்ன வார்த்தையை நான் பல வீடுகளில் கேட்கிறேன். 'கூகுளில் இல்லை' என்றால் 'உலகத்திலேயே இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிட்டால் பட்டா மட்டுமல்ல, வேறு எதையும் நீங்களே தேடிக்கொள்ளலாம்.

தேடுபொறி வேலை செய்யும் விதம் இதுதான்: ஒரு நிரல் இணையத்தில் உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறது. அதில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. படித்ததை எல்லாம் பெரிய அட்டவணையாகப் போட்டு வைக்கிறது. நாம் தேடும்போது அந்த அட்டவணையைத்தான் புரட்டிக் காட்டுகிறது. தாத்தாவின் பட்டா அப்படி ஒரு பக்கமாக எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அது வருவாய்த் துறையின் தரவுத்தளத்துக்குள் ஒரு வரியாக இருக்கிறது. நீங்கள் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) எல்லாம் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியையும் தட்டிய பிறகுதான் அந்த வரி ஒரு பக்கமாக உருவாகி உங்கள் முன்னால் வருகிறது. தேடுபொறியின் நிரல் ஓடிபி போட்டு உள்ளே போவதில்லை. வில்லங்கச் சான்று, பரீட்சை முடிவு, கோர்ட் வழக்கின் நிலை, மின்கட்டணப் பாக்கி எல்லாமே இந்த வகைதான். கூகுள் அவற்றின் வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே இருப்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அதனால் தேட உட்காரும்போது முதல் கேள்வி, 'இதைப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பது யார்?' என்பதாக இருக்கட்டும். பட்டாவோ, சிட்டா, அ-பதிவேடு போன்ற நிலக் கணக்கோ, நிலத்தின் வரைபடமான புலப்படமோ என்றால் வருவாய்த் துறை. வாசல் இ-சர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். பத்திரம், வில்லங்கம் என்றால் பதிவுத் துறை. டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க தமிழ்நிலம் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் குடிமக்களுக்கான பக்கம். இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா விவரத்தைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. நீங்கள் கட்டிய 499 ரூபாய் எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அசல் வாசல் எது, போலி எது என்பதை முகவரியில் கண்டுபிடிக்கலாம். தபால் பிரிப்பவர் கடிதத்தின் கடைசி வரியில் உள்ள பின்கோடைத்தான் முதலில் பார்ப்பார்; இணைய முகவரியையும் அப்படிப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். 'இன்', அதற்கு முன் ஒரு புள்ளி, அதற்கு முன் 'ஜிஓவி', அதற்கு முன்னும் ஒரு புள்ளி. இந்த வரிசை சரியாக இருந்தால் அது அரசுத் தளம். ஜிஓவி டாட் இன் முகவரியை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாரும் பதிவு செய்ய முடியாது. 'டிஎன்ஜிஓவி டாட் இன்' என்று புள்ளி ஒட்டிப்போயிருந்தால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். 'ஜிஓவி டாட் இன்' என்று வந்த பிறகு இன்னொரு 'டாட் காம்' தொடர்ந்தாலும் அப்படித்தான். பக்கத்தில் அரசு முத்திரை இருக்கிறது, முதல்வர் படம் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. படத்தை எடுத்து ஒட்ட இரண்டு நிமிடம் போதும். பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். நீங்கள் தட்டுவது வழியில் யாருக்கும் தெரியாமல் போகிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்; போய்ச் சேரும் இடம் யோக்கியமானது என்று அது சொல்லாது.

தேடல் முடிவில் மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சொல்லோடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். அவை எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். சில நிறுவனங்கள் நமக்காகப் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகின்றன. ஆனாலும் அரசுச் சேவை தேடும்போது அந்தப் பகுதியை அப்படியே தாண்டிவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அடுத்தது, தேடும் சொல். இதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். 'தாத்தா பேர்ல இருக்க பட்டாவ அப்பா பேருக்கு எப்படி மாத்துறது' என்று மைக்கில் பேசினால், அதே கேள்வியைத் தலைப்பாக வைத்து ஆள் பிடிக்க எழுதிய பக்கங்களும் வீடியோக்களும்தான் வரிசையில் முன்னால் நிற்கும். அரசு அலுவலகம் அப்படி எழுதுவதில்லை. அங்கே அது 'பட்டா மாறுதல்'. பிரிக்காமல் சேர்த்து வாங்கினால் 'கூட்டுப் பட்டா'. அப்பாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாக அளந்து பிரித்தால் 'உட்பிரிவு'. அரசு எழுதும் சொல்லைப் போட்டுத் தேடினால் அரசுப் பக்கம் மேலே வரும். கூடவே 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அந்த முகவரியில் உள்ள பக்கங்களை மட்டும் கூகுள் காட்டும்.

ஆங்கிலத்தில் தேடுபவர்கள் 'மியூட்டேஷன்' என்று போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வேறு மாநிலங்களில் புழங்கும் சொல் அது. வருவதெல்லாம் பீகார், மகாராஷ்டிர விதிகளாக இருக்கும். நம்மூரில் ஆங்கிலத்திலும் 'பட்டா டிரான்ஸ்ஃபர்' தான். சரியான ஊர்ச்சொல்லைப் போட்டாலே பாதிக் குப்பை வடிந்துவிடும்.

சரி, அலுவலகச் சொற்கள் எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பழைய பத்திரத்தையும், கிடைத்தால் நிலவரி கட்டியதற்கான கிஸ்தி ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிஸ்தி ரசீது அருமையான காகிதம். பட்டா எண்ணும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் அதில் இருக்கும். நாம் ஊர் என்று சொல்வது ஒன்று, வருவாய்க் கிராமம் வேறொன்றாக இருப்பது நம் பக்கம் சகஜம். ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் நான்கைந்து குக்கிராமங்கள் அடங்கும். தாத்தாவின் ஊர்ப் பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் பதற வேண்டாம்; பத்திரத்தில் சொத்து விவரப் பகுதியைப் படித்தால் கிராமத்தின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டையும் காத்திருக்கிறது. யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. அப்போது பல இடங்களில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. 1968 பத்திரத்தில் உள்ள எண்ணை அப்படியே போட்டால் வேறு யாருடைய நிலமோ வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். அப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உட்பிரிவை விட்டுவிட்டுப் புல எண்ணை மட்டும் போட்டு, அதன் கீழ் என்னென்ன உட்பிரிவுகள் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மற்றொன்று, பெயரை வைத்துத் தேடுவது. பெயரில் எழுத்துப் பிழை இருக்கக்கூடும் என்பதை மனதில் வையுங்கள். யுடிஆர் காலத்தில் கையால் எழுதி, பிறகு கணினியில் ஏற்றியவை அவை. கருப்பணன் கருப்பையா ஆகியிருப்பார், முன்னெழுத்து மாறியிருக்கும். நாலு விதமாக எழுதிப் பாருங்கள். கிராமத்தின் குடியிருப்புப் பகுதியான நத்தத்தில் உள்ள வீட்டு மனை என்றால் 'ஊரகம்' என்பதற்குப் பதில் 'நத்தம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுடையது விளைநிலம் என்பதால் ஊரகம்தான்.

அப்புறம் யூடியூப். வீடியோ போட்ட தேதியை முதலில் பாருங்கள். தமிழ்நிலம் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கும் வசதி 2022-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீடியோவைப் போட்டவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்ததைச் சொல்கிறார்.

ஏஐ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது அழகான தமிழில், தயக்கமே இல்லாமல் பதில் சொல்வதால் பெரியவர்கள் அதை ஒரு ஆபீசர் சொன்னது மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அடிப்படையில் அது, படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதிக்கொண்டே போகும் நிரல். நிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; ஏஐ அதைக் கலந்துகட்டிச் சொல்ல வாய்ப்பு அதிகம். கட்டணம், ஆவணப் பட்டியல், கால அவகாசம் இந்த மூன்றையும் அதன் வாயிலிருந்து எடுக்காதீர்கள். வேறு வேலைகளுக்கு அது கெட்டிக்காரத் துணை. 'ஷை கிரயம்', 'ஜமா', 'மால்' என்று பழைய பத்திரத்தில் வரும் புரியாத சொல்லைக் கேளுங்கள், விளக்கும். 'இந்த விஷயத்துக்குத் தமிழ்நாடு வருவாய்த் துறை என்ன சொல் பயன்படுத்துகிறது?' என்று கேட்டு, வந்த சொல்லைக் கூகுளில் போடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறாய் என்று கேட்டு, அது கொடுக்கும் இணைப்பைத் திறந்து உங்கள் கண்ணால் படியுங்கள். பத்திரம் முழுவதையும் படமெடுத்து அதில் ஏற்ற வேண்டாம். ஆதார் நகல் கூடவே கூடாது.

இவ்வளவையும் தனியாகச் செய்ய யோசனையாக இருந்தால் இ-சேவை மையத்துக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. தாலுகா அலுவலகத்திலேயே இருக்கும். ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: விண்ணப்பத்தில் மையக்காரரின் எண்ணைப் போடாமல் உங்கள் அப்பாவின் கைபேசி எண்ணைப் போடச் சொல்லுங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது, எதற்காக நிராகரித்தார்கள் என்ற செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

கட்டிய 499 பற்றி: யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரில் மாதாமாதம் எடுக்கும் அனுமதி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். கணக்கிலிருந்து மேலும் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆதார் நகலைக் கொடுத்திருந்தால் ஆதார் தளத்தில் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம்.

திண்டுக்கல், நிலக்கோட்டை என்று போட்டுத் தாத்தாவின் பெயர் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்தப் பிரதி உண்மையானதுதானா என்று அதே தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பிறகு தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். இப்போதைக்குப் பிரிக்கவில்லை, சேர்த்தே வைத்துக்கொள்கிறோம் என்றால் உட்பிரிவு இல்லாத விண்ணப்பம். பிரிப்பதென்றால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் அத்தையோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

எத்தனை விதமாகத் தேடியும் வேறு யார் பெயராவது வந்தால், அது இணையத்தில் தீரும் விஷயம் இல்லை. வந்த பக்கத்தையும், 1968 பத்திரத்தையும், கிஸ்தி ரசீதையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு நிலக்கோட்டை தாலுகா அலுவலகத்துக்கே போங்கள். மதுரை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் திண்டுக்கல்லுக்குப் போகச் சொல்வார்கள், ஒரு நாள் வீணாகும். ஆண்டுதோறும் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கையிலும் இதற்கு மனுக் கொடுக்கலாம்.