வண்டிப்பாதைத் தகராறும் அத்துமீறல் வழக்கும்: கேள்வி பதில்

கேள்வி: முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துக்குப் போய்வந்த வண்டிப்பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் கேட் போட்டுவிட்டார். அதைத் திறந்து டிராக்டரை ஓட்டிச் சென்றதற்காக, அத்துமீறி நுழைந்ததாக என்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகியுள்ளது. தண்டனை உறுதிதானா?

பதில்: உறுதியன்று. புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு (2024 ஜூலை 1-க்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 441, 447) பிறர் நிலத்தில் வெறுமனே கால் வைப்பதைக் குற்றமாக்கவில்லை. குற்றம் செய்யும் எண்ணமோ, நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணமோ இருந்தால்தான் அது குற்றமாகும். நாம் சென்றால் அவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருப்பது வேறு, அவரை எரிச்சலூட்டுவதற்காகவே செல்வது வேறு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் மாத்ரி வழக்கில் தெளிவாக வரையறுத்தது. நெடுநாள் வழி என நம்பித் தோட்டத்துக்குச் சென்றீர்கள் என்பதே உங்கள் வலுவான எதிர்வாதம். புகாரை அப்படியே ஏற்றாலும் அந்தக் குற்ற எண்ணம் வெளிப்படவில்லையெனில், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தண்டனையின் உச்சம் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விடக்கூடிய குற்றந்தான். பூட்டை உடைத்திருந்தால் கதை வேறு. சொத்துச் சேதம் தனிக் குற்றமாகச் சேரும்.

கேள்வி: பட்டா அவர் பெயரில் இருக்கிறதே, பாதை பொது என்று எதைக் காட்டி நிறுவுவது?

பதில்: முதலில் பட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் காட்டும் கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவுப் படம்) எடுத்துப் பாருங்கள், இரண்டும் அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே கிடைக்கின்றன. பாதைக்குத் தனிப் புல எண் இருந்து, அது ‘வண்டிப்பாதை புறம்போக்கு’ (பொதுப் பயன்பாட்டுக்கான அரசு நிலம்) என்று பதிவாகியிருந்தால், கேட் போட்டது ஆக்கிரமிப்பாகும். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து அகற்றுமாறு வட்டாட்சியரிடம் மனு செய்யலாம். அப்படி இல்லையெனில் பழைய பத்திரங்களைத் தேடுங்கள். ‘மாமூல் தடத்தில் ஆள், வண்டி, கால்நடைகள் போகவர உள்ள பாத்தியமும் சேர்த்து’ என்ற ஒரு வரி, அதிலும் எதிராளியின் முன்னோர் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் இருந்தால், பத்து சாட்சிகளைவிடப் பலமானது.

கேள்வி: பத்திரத்திலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. நடந்த பழக்கம் மட்டுமே இருக்கிறது.

பதில்: 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் (பிறர் நிலத்தின் வழியே செல்வது போன்ற உரிமை) சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, உரிமையாகக் கருதி, வெளிப்படையாக, இடையூறின்றி 20 ஆண்டுகள் பயன்படுத்திய வழிக்குப் பாத்தியம் உண்டு; அரசு நிலமெனில் 30 ஆண்டுகள். அனுமதி கேட்டு நடந்திருந்தால் இது கிடைக்காது. வழி அடைபட்டபின் ஈராண்டுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்; பலர் பேச்சுவார்த்தையிலேயே இந்தக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

கேள்வி: நான் நில உரிமையாளர். வழியை மறித்தால் என்மீதும் வழக்கு வருமா?

பதில்: வரலாம். முறையற்ற தடுப்பு பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். தனியார் வழியை மறிக்கத் தமக்குச் சட்டப்படி உரிமை உண்டென்று நல்லெண்ணத்துடன் நம்புபவருக்கு அதில் விலக்கு உண்டு. பொதுப்பாதையை மறித்தவருக்கு இந்த விலக்கு உதவாது.

கேள்வி: அறுவடை நெருங்கிவிட்டது; உரிமையியல் வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது.

பதில்: உரிமையியல் நீதிமன்றத்திலேயே இடைக்காலத் தடையாணை கேட்கலாம். பொதுப்பாதையெனில், தடையை அகற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். தனியார் நிலத்தின் வழியாகச் செல்லும் உரிமை பற்றிய தகராறு கைகலப்பாகும் நிலையில் இருந்தால் அதே சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவு பொருந்தும். ஆனால் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் வழியாக இருந்தால், விசாரணைக்குக் காரணமான காவல்துறை அறிக்கையோ தகவலோ கிடைத்ததற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் நீங்கள் அதில் சென்றிருந்தால்தான் தடையை விலக்கும் உத்தரவு பிறக்கும். எனவே கேட் பூட்டப்பட்ட தேதியையும், கடைசியாக வண்டி சென்ற நாளையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.