நீண்ட கரையோரப் படகுப் பயணத்துக்கு எந்தப் பருவம் சிறந்தது?

இரண்டு பேர், ஒரு சிறிய பாய்மரப் படகு, கையில் இரண்டு மாத விடுப்பு. கரையை ஒட்டியே போய், இரவில் ஏதாவது துறைமுகத்திலோ குடாவிலோ நங்கூரம் போடுவதாகத் திட்டம். எந்த மாதம் கிளம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கரை என்று சொல்லாததால் மாதத்தின் பெயரை நான் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி எல்லாக் கரைக்கும் ஒன்றுதான்.

"வானிலை நன்றாக இருக்கும் மாதம் எது?" என்பது ஒரு வாரப் பயணத்துக்கான கேள்வி. இரண்டு மாதம் போகிறவர்களுக்குத் தாமதம் நிச்சயம். எதிர்க்காற்று அடிக்கும், எஞ்சின் மக்கர் செய்யும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும். நான் கணக்குப் போடும்போது மூன்று நாளில் ஒரு நாள் கரையிலேயே போய்விடும் என்று வைத்துக்கொள்வேன். 60 நாளில் 20 போச்சு. ஊர் சுற்ற, துணி துவைக்க, சும்மா இருக்க இன்னொரு 10. மீதி 30 நாள், நாளுக்கு 25 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கி.மீ.) என்றால் 750 கடல் மைல். வரைபடத்தில் விரலால் அளந்து பார்க்கும்போது தோன்றும் தூரத்தைவிட இது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தாமதமாகும் நாட்கள் எந்தப் பக்கம் போய் விழும்? பாதுகாப்பான காலம் தொடங்கும்போதே கிளம்பினால் முதல் பத்து நாள் கொஞ்சம் படுத்தும்; அதற்குப் பிறகு தாமதமாக ஆக நல்ல வானிலைக்குள்தான் போவீர்கள். அது முடியும் தறுவாயில் கிளம்பினால் நிலைமை தலைகீழ். பின்னால் கெட்ட காலம் துரத்திக்கொண்டு வரும். நிற்க வேண்டிய நாளில்கூட "இன்றைக்கே போய்விடலாம்" என்று மனசு அவசரப்படும். அந்த அவசரம் காற்றைவிட ஆபத்தானது.

பாதுகாப்பான காலம் என்றால் முதலில் புயல் மாதங்களை அடித்துவிட்டு மிஞ்சுவது. வட அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. தெற்கு அரைக்கோளத்தின் வெப்பக் கடல்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் பருவமழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு உச்சம். நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைத்துவிடும். படகுக்குக் காப்பீடு இருந்தால் அந்தப் பத்திரத்தையும் படியுங்கள். புயல் மாதங்களில் குறிப்பிட்ட அட்சரேகைகளுக்கு உள்ளே இருந்தால் இழப்பீடு கிடையாது என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

இனி காற்று. எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால் எந்தத் திசை என்று பாருங்கள். போர்ச்சுகல் கரையில் கோடை முழுக்க வடக்கிலிருந்து காற்று வீசும். தெற்கே போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். அதே மாதத்தில் வடக்கே ஏறுகிறவர்களுக்குத் தினமும் மல்லுக்கட்டு. ஒரே கரை, ஒரே ஜூலை, விடை வேறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையில் ஏப்ரல் முதல் தென்கிழக்குக் காற்று நிலைத்து வீசுவதால் படகுகள் அதோடு வடக்கே ஏறும். வசந்தத்தில், அதாவது செப்டம்பருக்கு மேல், வடக்குப் பக்கத்துக் காற்று தலைகாட்டத் தொடங்கும்; அதைப் பிடித்துப் புயல் பருவத்துக்கு முன் தெற்கே இறங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் படகுகள் வரிசையாகத் தெற்கே போவதைப் பார்க்கலாம். ஹரிக்கேன் முடிந்தும் முடியாமலும், குளிர் வந்தும் வராமலும் இருக்கும் சின்ன இடைவெளி அது.

வேகத்தைப் பொறுத்தவரை, 10 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 20 நாட் ஆனால் பாயின் மேல் விழும் அழுத்தம் இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். காற்றின் பலத்தை எண்களால் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 4 என்றால் 11 முதல் 16 நாட்; இருவர் மட்டும் ஓட்டும் சிறு படகுக்கு அருமையான காற்று. 6 என்றால் 22 முதல் 27. பின்காற்றாக இருந்தால் சமாளிக்கலாம், எதிர்க்காற்றாக இருந்தால் துறைமுகத்தில் உட்கார்ந்து சீட்டு விளையாடலாம். வெயிலைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மேகமே இல்லாத நீலவானத்தின் கீழ் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் 6, 7 என்று அடிக்கும். சுற்றுலா விளம்பரங்களில் வரும் மாதங்கள் இவைதான்! அங்கே போகிறவர்களிடம் நான் மே, ஜூன் என்றுதான் சொல்வேன்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? பைலட் சார்ட் என்று மாதவாரியான கடல் வரைபடங்கள் உண்டு. மேத்யூ ஃபோன்டைன் மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1840-களில் பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தோண்டித் தொடங்கிவைத்த வேலை. இன்றும் அமெரிக்க அரசு வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திசைக் காற்று எத்தனை சதவீதம், எத்தனை பலம், காற்றே இல்லாத நேரம் எவ்வளவு என்று இருக்கும். பன்னிரண்டு மாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி அதில் கிடைக்காது. அது திறந்த கடலின் சராசரி. முனைகளைச் சுற்றி வேகமெடுக்கும் காற்றும் பிற்பகலில் எழும் கடற்காற்றும் அதில் தெரியாது. அதற்கு அந்தக் கரைக்கான மாலுமிக் கையேடும், அங்கே மீன்பிடிப்பவர்களின் வாயும்தான் வழி. "எந்த மாதம் வலையைக் கரையில் வைத்துவிடுவீர்கள்?" என்று கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள்.

குளிர்ப் பகுதியாக இருந்தால் நான் மேலே சொன்ன "சீக்கிரம் கிளம்பு" என்பதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கடல் மெதுவாகத்தான் சூடாகும். வசந்தத்தில் கரையில் வெயில் காய்ந்தாலும் நீர் இன்னும் குளிர்காலத்து நீர்தான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் விழுந்தால் முதல் ஆபத்து மூச்சுத் திணறல். மீட்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று சொல்லித் தருவார்கள்: மிகக் குளிர்ந்த நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். இருவர் மட்டும் போகும் படகில் ஒருவர் விழுந்தால், தூக்க ஒரே ஒரு ஆள்தான். வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்தக் குளிர்நீர் மேல் படும்போது மூடுபனியும் வரும். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மெய்ன் மாநிலக் கரையில் கோடை மாதங்களில்தான் அது அதிகம். ரேடார் இல்லாமல் அங்கே ஜூலையில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பகல் நீளத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 60 டிகிரி வட அட்சரேகையில் ஜூனில் ஏறத்தாழ 19 மணி நேரப் பகல். டிசம்பரில் 6 மணிகூட இல்லை. தெரியாத குடாவுக்குள் இருட்டில் நுழையக்கூடாது என்பதால் பகல் சுருங்கினால் தினசரி தூரமும் சுருங்கும். வெப்பமண்டலத்தில் இந்தக் கவலை குறைவு. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவது, பருவத்தைவிட நிலாவைப் பொறுத்தது; மார்ச், செப்டம்பர் அமாவாசை, பௌர்ணமிகளில் ஏற்றவற்றம் கூடுதல் என்பதால் மணல்திட்டு உள்ள முகத்துவாரங்களில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

படகைக் கிளம்பிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவர வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். போக ஒரு காற்று, வர ஒரு காற்று என்று நடுவில் திசை மாறும் கரைகள் சிலவே. மற்ற இடங்களில் இரண்டாவது மாதம் முழுக்க எதிர்க்காற்றில் வளைந்து வளைந்துதான் வர வேண்டியிருக்கும். நானாக இருந்தால் ஒருவழியாகப் போய், புயல் படாத துறைமுகம் ஒன்றில் படகைக் கரையேற்றிவிட்டு, பேருந்திலோ விமானத்திலோ வீட்டுக்கு வந்து, அடுத்த பருவத்தில் அங்கிருந்து தொடர்வேன்.