பிரீசர் வேலைக்குப் போற தம்பிக்கு

தம்பி, கிளிநொச்சியில இருந்து ரொறன்ரோவுக்கு வந்து மூண்டு கிழமை, ஏஜென்சி பிரீசர் களஞ்சியத்தில இரவு வேலை தந்திருக்கு எண்டு எழுதியிருக்கிறீர். சம்பளம் காணுமோ, அறை எங்க எடுக்கிறது, என்ன ஜக்கெற் வாங்கிறது எண்டு கேட்டிருக்கிறீர். முதல் ரெண்டையும் கூட வேலை செய்யிற எந்தப் பெடியனும் சொல்லுவான். நான் உடுப்பைப் பற்றி எழுதுறன்.

வன்னி வெயிலில நெல்லு வெட்டேக்க வேர்வைதான் உடம்பைக் காப்பாத்தும். பிரீசருக்குள்ள அதே வேர்வைதான் எதிரி. பெட்டி தூக்கேக்க வேர்க்கும். பிறகு ஃபோர்க்லிஃப்ட் வரும்வரை அஞ்சு நிமிஷம் சும்மா நிண்டீரெண்டால் அந்த ஈரம் குளிர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதால ஊரில இருந்து கொண்டுவந்த பருத்திப் பெனியனை உள்ளுக்குப் போடாதையும். பருத்தி ஈரத்தைக் குடிச்சு வைச்சிருக்கும். தோலோட ஒட்டிப் பொலியெஸ்ரர் இல்லாட்டிக் கம்பளி, அதுக்கு மேல ஃபிளீஸ் எண்ட மெத்தெண்ட சட்டை, அதுக்கு மேலதான் பிரீசர் சூட். வேர்க்கத் தொடங்கினவுடன சிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடும். பையில காய்ஞ்ச பெனியன், சொக்ஸ், கையுறைக்கு உள்ள போடுற மெல்லிய கையுறை எல்லாத்திலயும் ஒவ்வொரு சோடி மேலதிகமா இருக்கவேணும், இடைவேளையில மாத்தும்.

சொக்ஸ் தடிச்ச கம்பளியில ஒரு சோடி போதும். ரெண்டு சோடி போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல்தான் முதல்ல விறைக்கும். சப்பாத்து அரை அளவு பெரிசா, பாதுகாப்புச் சப்பாத்தெண்டு காட்டுற பச்சை முக்கோண முத்திரையோட, முன்னுக்கு இரும்புக்குப் பதிலா கொம்பசிற் (கடினமான பிளாஸ்ரிக் மாதிரி) வைச்ச வகையா எடும். இரும்பு குளிரை உள்ளுக்குக் கடத்தும்.

உறைஞ்ச சாப்பாட்டுச் சாமான் வைக்கிற அறை வழமையா சைபருக்குக் கீழ 18 பாகை. ஐஸ்கிறீம் அறை அதைவிட மோசம். குளிர் ஊதுற விசிறிக்கு நேர கீழ நிக்காதையும்: சைபருக்குக் கீழ 20 பாகையில மணிக்கு 20 கிலோமீற்றர் காத்து அடிச்சால் தோலுக்கு அது சைபருக்குக் கீழ 30 மாதிரி. ஸ்கானர் தட்டவெண்டு கையுறையைக் கழட்டுற பெடியள் கனபேர். வெறுங்கையால அந்தக் குளிரில இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிப்பிடிக்கும்.

குளிரில தோல் உறையுதோ எண்டு மூக்கு நுனி, காது, கன்னம், விரல் நுனி நாலையும் பக்கத்தில நிக்கிறவரைப் பார்க்கச் சொல்லும். பயிற்சியில காட்டுற படங்களில தோல் சிவந்து, பிறகு வெளுக்கும். எங்கட கறுத்த தோலில சிவப்பு லேசில தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு தடவின மாதிரி ஒரு பொட்டு வரும், தொட்டால் உணர்ச்சி இருக்காது. உடன வெளியில வாரும். தேய்க்காதையும். மார்கழிப் பனிக்கு முற்றத்தில சருகு கூட்டிக் கை காய்ச்சின பழக்கத்தில ஹீற்றருக்குக் கிட்டப் பிடிச்சிடாதையும். விறைச்ச தோலுக்குச் சுடுறது தெரியாது, வெந்துபோகும். 37 முதல் 39 பாகை இளஞ்சூட்டுத் தண்ணியில வையும். கொப்புளம் வந்தால், உணர்ச்சி திரும்பாட்டி, ஆஸ்பத்திரி.

முதல் நாளே பிரீசர் கதவை உள்ளுக்க இருந்து திறக்கிற பிடியை நீரே தள்ளிப் பாரும். கதவடியில ஐஸ் கட்டும். கனபேர் விழுறது அங்கதான். பிரீசரைக் குளிராக்கப் பாவிக்கிற அமோனியா வாயு மணம் மூக்கில குத்தினால் சாமானை விட்டுட்டு வெளியில போம்.

ஒன்ராறியோவில தொழிற்சாலைக்குள்ள சைபருக்கு மேல 18 பாகைக்குக் குறையக்கூடாது எண்டு விதி இருக்கு, ஆனால் பிரீசருக்கு அது பொருந்தாது. அதால எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா சூடான அறைக்குப் போகலாமெண்டு முதல் நாளே சுப்பவைசரிட்டக் கேட்டு எழுதி வாங்கும். ஆபத்தெண்டு பட்டால் வேலையை மறுக்க உமக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. மறுத்துப்போட்டு வீட்ட போகக்கூடாது. சுப்பவைசருக்குச் சொல்லிப்போட்டுப் பாதுகாப்பான இடத்தில நிண்டு, தொழிலாளர் பிரதிநிதியோட சேர்ந்து அவர் பார்க்கட்டும். தீராட்டித் தொழில் அமைச்சு இன்ஸ்பெக்ரரைக் கூப்பிடலாம். அதுக்காக உம்மை வேலையால நிப்பாட்டக்கூடாது.

எங்கட ஆக்களிலயே சிலபேர் வாயைத் திறக்காதை, கைக்காசு தாறன், காயம் பட்டால் வீட்டில விழுந்தனெண்டு சொல்லு எண்டுவினம். எனக்கு ஆத்திரம் வாறது இவையளிலதான். பரந்தன் வெளியில மூட்டை சுமந்த பெடியனை இஞ்சயும் ஊமையாக்கிறது என்ன ஞாயம்? காயம் வந்தால் ஏஜென்சிக்கும் களஞ்சியத்துக்கும் ரெண்டு பக்கமும் பொறுப்பு இருக்கு. இழப்பீட்டுக்கு WSIB எண்ட வேலைக்காய இழப்பீட்டுச் சபைக்கு ஆறு மாசத்துக்குள்ள நீரே விண்ணப்பிக்கவேணும், ஆறாம் இலக்கப் படிவம். என்ன நேரம், எந்தக் கதவடி, ஆர் பார்த்தது எண்டு அண்டைக்கே ஃபோனில எழுதி வையும்.