கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செய்த கொடைகளில் உங்கள் மனதில் நிற்பது எது?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவிய லேலண்ட், ஜேன் ஸ்டான்ஃபோர்ட் தம்பதியின் கொடை. அதிலும் ஜேன் அம்மையாரின் நகைகள்.

நான் பாம்பன்காரி. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். நான் படித்தபோது 45 நாள், இப்போது 61 நாள். கையில் காசு இல்லாத அந்த நேரம் பார்த்துத்தான் ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். அதனால் மே மாதம் அம்மாவின் தோடும் செயினும் அடகுக்கடைக்குப் போகும். தடை முடிந்து இறால் நன்றாகப் பட்டால் திரும்பி வரும். தொண்டியில் இருக்கும் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் கடலியல் படிக்க நான் சேர்ந்த வருஷம் வரவில்லை. வட்டி ஏறி முழுகிப்போனது. காது தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா ரொம்ப நாள் ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

லேலண்ட், ஜேன் இருவருக்கும் ஒரே மகன். 1884இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் டைபாய்டு வந்து இறந்துபோனான். 16 வயதுகூட நிரம்பவில்லை. “கலிஃபோர்னியாவின் பிள்ளைகள் இனி நம் பிள்ளைகள்” என்று லேலண்ட் மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். மகன் பெயரில் அவர்கள் கட்டிய பல்கலைக்கழகம் 1891 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளிலிருந்தே பெண்களுக்கும் இடம் உண்டு. அப்போது படிப்புக் கட்டணமும் கிடையாது.

இரண்டு வருஷத்தில், 1893இல், லேலண்டும் போய்விட்டார். நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்தது. சொத்து முழுவதும் நீதிமன்றத்தில் முடங்கியது. லேலண்டின் ரயில் கம்பெனிக்குப் பாதை போடக் கொடுத்த கடனுக்காக அமெரிக்க அரசு 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கொஞ்ச காலம் மூடிவையுங்கள் என்றார்கள் ஆலோசகர்கள். ஜேன் கேட்கவில்லை. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் மாதம் 10,000 டாலர் அனுமதித்தது. பேராசிரியர்களையும் தன் வீட்டு வேலையாட்கள் கணக்கில் சேர்த்து, அந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தார். தன் வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டார். குடும்பம் நடத்துகிற பொம்பளைக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் வரும்.

1896இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆனாலும் சொத்து உடனே கைக்கு வரவில்லை. மறுவருஷம் விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்கு லண்டனில் கூட்டம் கூடும், நல்ல விலை போகும் என்று நகைப்பெட்டியோடு கப்பலேறினார். நினைத்த விலைக்குப் போகவில்லை. பெரும்பகுதி திரும்பி வந்தது. அவற்றையெல்லாம் ஒன்றாகப் பரப்பிவைத்து ஓர் ஓவியம்கூட வரையச் செய்தார். கடைசியில், 1905இல், தன் காலத்துக்குப் பிறகு அவற்றை விற்று நூலகத்துக்குப் புத்தகம் வாங்கச் சொன்னார். அதுதான் 5 லட்சம் டாலர் நகை நிதி. இன்றும் அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில் ஒட்டுவதற்கென்று தனி முத்திரைச் சீட்டு உண்டு. ஜேன் தன் நகைகளை அறிவுத் தெய்வம் அதீனாவிடம் நீட்டுகிற மாதிரிப் படம்.

குறையும் உண்டு. பெண்கள் தொகை பெருகவும், 1899இல், 500 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரம்பு போட்டவரும் இதே ஜேன்தான். லேலண்டின் ரயில்பாதையைப் போட்டதில் பெரும்பாடு பட்டவர்கள் சீனத் தொழிலாளிகள். அவரோ கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தபோது சீனர் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசியவர். அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கொடையை நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலும் பெருங்கொடை உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். பெண்கள் கல்லூரிக்காகத் தன் வீட்டையே கொடுத்தவர். அவர் பெயரில் உள்ள இடத்தில் படித்தவள் நான், அவரை மறக்க முடியாது. கேள்வி தம்பதியைப் பற்றி என்பதால் ஜேனிடம் வந்தேன்.

போன மாதம் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார்.

“அந்தம்மா நகையைப் பெறகு மீட்டுச்சா?”

“இல்லம்மா, வித்துட்டாங்க. வர்ற வட்டியில வருஷா வருஷம் புத்தகம் வாங்குறாங்க.”

“இன்னுமா வாங்குறாக?”

“இன்னும்தான்.”

ஊசியை வைத்துவிட்டு, அந்தப் படத்தை போனில் காட்டச் சொன்னார். கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.